என் கைக்கு வராத வண்டி

வாங்க தம்பி, உள்ள வாங்க. பல்லடத்துலயிருந்து போன் பண்ணினது நீங்கதானுங்களே? வண்டி ஷெட்டுலதான் நிக்குது, எங்கயும் ஓடிப் போயிறாது. மொதல்ல உக்காருங்க. பால் அடுப்புல இருக்குது. வந்தவங்களக் காபி குடுக்காம ஷெட்டுக்குக் கூட்டிட்டுப் போனா எங்க வாத்தியாரு படத்துக்குள்ள இருந்துட்டே என்னைய மொறைப்பாரு.

ஆமாங்க, அந்தப் படம்தான். நாச்சிமுத்து வாத்தியாருன்னா உடுமலையில பழைய ஆளுங்களுக்கெல்லாம் தெரியும். பன்னெண்டாங் கிளாசுக்குப் பிசிக்ஸ் எடுத்தாரு, முப்பத்தோரு வருசம். போன வருசம் தை மாசம் தவறிட்டாரு. கொழந்தைங்க இல்லீங்க எங்களுக்கு. வருசத் திதி வரைக்கும் ஆளுங்க வந்து போயிட்டு இருந்தாங்க. அதுக்கப்பறம் பால்காரர் வர்றாரு, கேஸ்காரர் வர்றாரு.

அந்த வேப்பமரத்துக்கிட்ட பைக்கப் புடிச்சுட்டு நிக்கறது உங்க சம்சாரமா? ஏனுங்க, அத வெயில்ல நிறுத்திட்டு நீங்க மட்டும் வந்துட்டீங்க? கூப்புடுங்க. வா அம்மிணி, வா. இந்தால வந்து பேன் காத்துல உக்காரு. அப்பச் சரி, மூணு காபி.

வெலையெல்லாம் அப்பறம் பேசிக்கலாம், அதுல நான் தகராறு பண்ண மாட்டேன். போன்ல நீங்க ஒண்ணு கேட்டீங்க பாருங்க, ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகுமான்னு. ஆகும். இப்ப ஆகும். ஆனா அதுல ஒரு கதை இருக்குது. அதச் சொல்லாம வித்தா உங்கள ஏமாத்துன மாதிரி ஆயிரும். நேரமிருக்குதில்ல? இருக்கட்டும், செத்த நேரம்தான்.

வண்டி எண்பத்தொம்பதுல வாங்கினது. சாம்பக் கலர் பியட். பொள்ளாச்சியில ஒரு டாக்டர் வெச்சிருந்தாரு, நாங்க ரெண்டாவது கை. எனக்கு ஓட்டக் கத்துக்கணும்னு ஆசை. ஆசைன்னா அப்படி ஒரு ஆசைங்க, ரோட்டுல போற காரையெல்லாம் நின்னு பாப்பேன். அவரு தடுக்கலைங்க. அதச் சொல்லணும். அவரே கூட்டிட்டுப் போயி டிரைவிங் ஸ்கூல்ல சேத்துவிட்டாரு. தொண்ணூத்தொண்ணு ஆனி மாசம் லைசென்ஸ் வந்துச்சு. எங்க தெருவுல கார் லைசென்ஸ் வாங்குன மொதப் பொம்பள நான்தான். இன்ஸ்பெக்டரு முன்னால ரிவர்ஸ் எடுத்துக் காட்டினேன், ஒரு கல்லுல கூட இடிக்கல.

மொத வாரம் வண்டி நல்லாத்தான் வந்துச்சு. அவரு பள்ளிக்கூடம் போனதுக்கப்பறம் தனியா எடுத்துட்டு, தளி ரோட்டுல வாய்க்கால் வரைக்கும் போயிட்டு வந்தேன். சன்னல எறக்கிவிட்டு, முந்தானையச் சொருகிட்டு. வாய்க்கால் பாலத்துல வண்டிய நிறுத்திட்டுச் சும்மா தண்ணியப் பாத்துட்டு நின்னேன். அவ்வளவுதான், வேற ஒண்ணும் பண்ணல. மறுநாளும் போனேன்.

அத யாரோ பாத்துட்டுப் போயி ஸ்டாப் ரூம்ல சொல்லியிருக்காங்க. கணக்கு வாத்தியாரு ஒருத்தரு, "சார், இனி நீங்க பின் சீட்டுல உக்காந்துக்கலாம், டிரைவர் வந்தாச்சு"ன்னு கிண்டல் பண்ணினாராம். எல்லாரும் சிரிச்சாங்களாம். இவரு வந்து எங்கிட்டச் சிரிச்சுட்டேதான் சொன்னாரு. அவருக்கு அந்த மாதிரித் தமாசெல்லாம் புடிக்கும். அன்னிக்கு மட்டும் சாப்பாடு வேண்டாம்னுட்டாரு, வயிறு சரியில்லைன்னு.

அடுத்த வாரம் சாவியப் போடறேன், வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது. இர்ர், இர்ர், இர்ர்ருங்குது. செல்ப் மோட்டாரு நல்லாச் சுத்துது. இஞ்சின் புடிக்க மாட்டேங்குது. சாயங்காலம் அவரு வந்தாரு. அவருக்கு ஒரு பழக்கம் உண்டுங்க. வண்டியில ஏறுனா செருப்பக் கழட்டிருவாரு, சாமி ரூமுக்குள்ள போற மாதிரி. உக்காந்துட்டு, குனிஞ்சு, செருப்பச் சீட்டுக்குக் கீழ தள்ளிட்டு, அங்கயே தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவாரு. அப்பறம்தான் சாவி. அன்னிக்கும் அப்படித்தான் பண்ணினாரு. திருப்புன ஒடனே டப்புனு புடிச்சுக்கிச்சு.

"உன் கைக்கு ராசி இல்ல தெய்வா"ன்னு சொன்னாரு. திட்டலைங்க. பாவமாத்தான் சொன்னாரு.

எம்பேரு தெய்வானை. இத்தன நேரம் பேரே சொல்லாமப் பேசிட்டிருக்கேன் பாருங்க.

நான் என்ன நெனச்சேன், திருஷ்டி பட்டுருச்சுன்னு நெனச்சேன். பொம்பள கார் ஓட்டுனா ஊர்க் கண்ணு சும்மா இருக்குமா? நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கினேன். பூசணிக்காய் ஒடச்சேன். செவ்வாக்கெழம தவறாம மொளகா சுத்திப் போட்டேன். அவரு பண்ணற மாதிரியே நானும் செருப்பக் கழட்டிட்டு, குனிஞ்சு, கீழ தொட்டுக் கண்ணுல ஒத்திட்டுத்தான் சாவியத் திருப்புவேன். இர்ர், இர்ர்ரு. அவரு கும்புட்டா ஏத்துக்கற சாமி, நான் கும்புட்டா மூஞ்சியத் திருப்பிக்கும்.

இன்னொண்ணு கேளுங்க. அவரு ஸ்டார்ட் பண்ணிக் குடுத்துட்டு எறங்கி அந்தப் பக்கம் வந்து உக்காந்துக்குவாரு, நான் ஓட்டுவேன். அதுல ஒரு கொறையும் இருக்காது. பஜார்ல நின்னு போனாக்கூட, நானே சாவி போட்டா அப்பப் புடிச்சுக்கும். "பாத்தியா, நான் பக்கத்துல இருந்தா உன் கைக்கும் வருது"ம்பாரு. எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அவரு ராசி எனக்கும் ஒட்டுதேன்னு. வீடு வந்தா ஷெட்டுல ஏத்தி நிறுத்தறது மட்டும் அவருதான், அப்பவும் குனிஞ்சு தொட்டுட்டுத்தான் எறங்குவாரு.

காபி சரியா இருக்குதா? சக்கரை வேணுமா அம்மிணி? முறுக்கு எடுத்துக்க. நேத்து சுட்டது. ஒரு ஆளுக்குன்னு முறுக்குச் சுட முடியாதுங்க, அச்சுல மாவு போட்டா அது பத்துப் பேருக்குத்தான் வருது.

அப்பறம் எங்கம்மா கதை. அதையும் சொல்லித்தான் ஆகணும்.

எங்கம்மா தாராபுரத்துல என் தம்பி வீட்டுல இருந்தா. இங்கயிருந்து காருல போனா ஒரு மணி நேரம். நான் லைசென்ஸ் வாங்குனத ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தா. வண்டி என் கைக்கு வராதுங்கறத நான் அவகிட்டச் சொல்லல. வெக்கமா இருந்துச்சு. தொண்ணூத்திநாலு மாசி மாசம், பத்து மணி இருக்கும், பக்கத்து வீட்டுக்குப் போன் வருது. தம்பி பேசறான். "அக்கா, அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. உன்னையத்தான் கேக்குது. ஒடனே வா."

ஓடிப் போயி வண்டியில உக்காந்தேன். செருப்பக் கழட்டினேன், கும்புட்டேன், சாவியத் திருப்பினேன். இர்ர்ர். மறுபடியும் கும்புட்டேன். இர்ர்ர். கால் மணி நேரம். அழுதுட்டே திருப்பறேன். மொதல்ல வேகமாச் சுத்துன செல்ப், போகப் போக மெதுவாச் சுத்துது. பேட்டரியும் போயிருமேன்னு பயந்துட்டு எறங்கிட்டேன்.

மறுபடியும் பக்கத்து வீட்டுக்கு ஓடிப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். அவருக்கு அன்னிக்குப் பிராக்டிகல் பரீச்சை. வெளியூர் எக்ஸாமினர் வந்து உக்காந்திருக்காரு, அசைய முடியாது. இருந்தாலும் லைனுக்கு வந்தாரு. நான் சொன்னதையெல்லாம் கேட்டாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம் எவ்வளவு பொறுமையாச் சொன்னாரு தெரியுமா? "பதறாத தெய்வா. வண்டி உன் கைக்கு வராது. பஸ்ஸுல போயிரு. பரீச்சைய முடிச்சுட்டு மூணு மணிக்கு நான் வண்டிய எடுத்துட்டு வந்தர்றேன்."

பஸ் ஸ்டாண்டுல முக்கா மணி நேரம் நின்னேன். வந்த பஸ்ஸு ஊர் ஊரா நின்னு போச்சு. ஒரு எடத்துல ஆட்டுக்குட்டி ரெண்டு ஏத்தினாங்க. நான் போயிச் சேர்றப்ப ஒண்ணேகால். அம்மா போயி அரை மணி நேரம் ஆயிருந்துச்சு.

தம்பி சம்சாரம் சொன்னா. தெருவுல வண்டிச் சத்தம் கேட்டா அம்மா கண்ணத் தொறந்து பாப்பாளாம். "எம்புள்ள காரோட்டிட்டு வருவா"ன்னு சொல்லுவாளாம். மில்லு லாரி போச்சாம், பால் வேன் போச்சாம், எல்லாத்துக்கும் கண்ணத் தொறந்தாளாம்.

அவரு சொன்ன மாதிரியே வந்துட்டாருங்க. பேட்டரி அவ்வளவு எறங்கியிருந்தும் ஒரே சாவியில எடுத்துட்டு வந்தாரு. வந்து எங்கம்மா காலடியில உக்காந்து அழுதாரு பாருங்க. நான்கூட அப்படி அழுகல. "மாமியாளுக்கு இப்படி அழுவற மருமகன நாங்க பாத்ததில்ல"ன்னு ஊரே பேசுச்சு. அதுக்கப்பறம் வருசா வருசம் அம்மா திதிக்கு அவரே வண்டியக் கழுவித் தொடச்சுக் கூட்டிட்டுப் போவாரு. ஒரு வருசம்கூட மறந்ததில்ல.

நான் சாவியத் தொடறத விட்டுட்டேன். இந்தக் கையாலதான் எங்கம்மா முகத்தப் பாக்க முடியாமப் போச்சுன்னு மனசுல விழுந்துருச்சு. நல்ல காரியத்துக்கு யாராச்சும் என்னைய வெளக்கேத்தக் கூப்புட்டாக்கூட, வேற யாரையாச்சும் ஏத்தச் சொல்லிருவேன். கேக்கறவங்களுக்கு முட்டி வலின்னு சொல்லிருவேன். முப்பது வருசமா முட்டி வலி. ஆனா லைசென்ஸ மட்டும் தவறாமப் புதுப்பிச்சுட்டே வந்தேன். ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது.

சரி, இனி வண்டி விசயம். அவரு போனதுக்கப்பறம் ஒரு வருசம் தார்ப்பாய்க்குள்ளயே கெடந்துச்சு. விக்கறதுன்னா ஓடணுமில்ல? சிக்கந்தர்னு ஒரு மெக்கானிக், நாப்பது வயசு இருக்கும், நல்ல மனுசன். வந்தவன்கிட்ட மொதல்லயே சொல்லிட்டேன், "தம்பி, சாவிய நீங்களே போடுங்க. நான் தொட மாட்டேன். எனக்குக் கைராசி இல்ல"ன்னு. அவன் சிரிச்சான். "அம்மா, வண்டிக்கு வேணுங்கறது மூணே மூணு. பெட்ரோல், காத்து, தீப்பொறி. கைராசிக்கு அதுல எடமே இல்ல"ன்னான்.

மொத நாள் பேட்டரி மாத்தினான். பழைய பெட்ரோல எறக்கிட்டுப் புதுசு ஊத்தினான். கார்புரேட்டரக் கழட்டிக் கழுவிப் போட்டான். சாவியத் திருப்பினா, அதே இர்ர். அவன் கைக்கும் அதே இர்ர்தான். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? தப்புத்தான், ஆனா கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு.

ரெண்டாவது நாள் பிளக்கக் கழட்டி இஞ்சின் மேல வெச்சுட்டு என்னையச் சாவி திருப்பச் சொன்னான். மாட்டேன்னேன். "திருப்ப வேற ஆள் இல்லம்மா, சும்மா திருப்புங்க"ன்னான். திருப்பினேன். பிளக்குல பொறி வரல. "பெட்ரோல் வருது, காத்து வருது, பொறிதான் இல்ல. பாதி கண்டுபுடிச்சாச்சு"ன்னான். பாயின்ட்ட உப்புத்தாள் போட்டுத் தேச்சான், என்னென்னமோ மாத்தினான். வரல. நாளைக்கு வர்றேம்மான்னு போனான்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, வரலைங்கறதுல எனக்கு வருத்தமே இல்ல. ஷெட்டுல ஸ்பேனர் விழற சத்தம், அவன் பாட்டுக்கு முனகற சத்தம், மத்தியானம் ரெண்டு தட்டு. மூணாவது நாளைக்கு உளுந்து வடைக்கு ஊறப் போட்டேன். வண்டி சீக்கிரம் சரியாகணும்னு அவனுக்கு. எனக்கு இன்னொரு வாரம் ஆனாலும் சரி.

மூணாவது நாள் ஒரு சின்ன பல்புல வயரக் கட்டி எடுத்துட்டு வந்தான். காயில்னு ஒண்ணு இருக்குதாம், அதுலயிருந்துதான் பொறிக்குக் கரண்ட் போகுமாம். அதுல பல்ப வெச்சான், எரியல. "சாவியத் திருப்பியும் காயிலுக்குக் கரண்டே வரலம்மா. வழியில யாரோ வெட்டி விட்டிருக்காங்க"ன்னு சொல்லிட்டு வயரப் புடிச்சுட்டே போனான். ஸ்டியரிங்குக்கு அடியில தலைய விட்டுட்டுக் கூப்புட்டான். "இங்க பாருங்கம்மா, இது கம்பெனி வயரு. இந்தப் பச்சை வயரு வெளிய இருந்து யாரோ போட்டது."

பச்சை வயரு. வாசல்ல நீங்க அடிச்சீங்களே காலிங் பெல்லு, அதுக்கும் அதே பச்சை வயருதான். ஒரே சுருள். அவரே உக்காந்து போட்டது.

அந்த வயரு கால் வெக்கற மேட்டு விரிப்புக்கு அடியில போயி, டிரைவர் சீட்டுக்குக் கீழ, கதவுப் பக்கமா போயி முடிஞ்சுது. அங்க ஒரு சின்ன சுவிட்ச். தட்டினான். எந்திரிச்சுப் போயிச் சாவியத் திருப்பினான். டப்புனு புடிச்சுக்கிச்சு.

"திருட்டு சுவிட்சும்மா"ன்னான். "அந்தக் காலத்துல நெறையப் பேரு போட்டு வெப்பாங்க. இத அமத்திட்டா செல்ப் சுத்தும், வண்டி கெளம்பாது. திருடன் சுத்திச் சுத்திப் பாத்துட்டு விட்டுட்டுப் போயிருவான். வீட்டு ஆளுங்களுக்கு மட்டும் எடத்தச் சொல்லி வெப்பாங்க. உங்களுக்குத் தெரியாதாம்மா?"

"தெரியும் தம்பி. மறந்துட்டேன்"னு சொன்னேன்.

பொய்தான்.

சுவிட்சக் கழட்டிரட்டுமான்னு கேட்டான். வேண்டாம், இருக்கட்டும்னுட்டேன். அவன் போனதுக்கப்பறம் நான் போயி வண்டியில உக்காந்தேன். அமத்திப் பாத்தேன், இர்ர். போட்டுப் பாத்தேன், புடிச்சுக்கிச்சு. அமத்தி, போட்டு, அமத்தி, போட்டு. கடைசியா ஓட விட்டுட்டு உக்காந்துட்டேன். எங்கயாச்சும் போகலாம்னு கியர் வரைக்கும் கைய வெச்சேன். எங்க போறது? தாராபுரத்து வீட்ட வித்தாச்சு. தம்பியும் இல்ல. வாய்க்கால் பாலத்துக்குப் போகலாம், போயி? வண்டி ஓடுது, போறதுக்கு ஒரு எடம் இல்ல. அப்படியே அமத்திட்டு எறங்கி வந்து வடையத் தின்னேன்.

அவரு வண்டிக்குன்னு ஒரு டைரி வெச்சிருந்தாரு. ஆயில் மாத்துனது, காத்து அடிச்சது, எல்லாம் தேதி போட்டு எழுதியிருக்கும். அந்த டைரியும் வண்டியோட உங்களுக்குத்தான். தொண்ணூத்தொண்ணு ஜூன் இருபத்தாறு, "தெய்வானை லைசென்ஸ் வந்தது"ன்னு எழுதியிருக்காரு. அடியில கோடுகூடப் போட்டிருக்காரு, அவ்வளவு சந்தோசம். ஜூலை ஏழு, ஞாயித்துக்கெழம, "சுவிட்ச் போட்டது". அவ்வளவுதான் இருக்குது.

அப்ப ஊருல திருட்டு ஜாஸ்திங்க. ரெண்டு வீதி தள்ளி ஒரு ஸ்கூட்டரு காணாமப் போச்சு. அதுக்குத்தான் போட்டிருப்பாரு. எங்கிட்டச் சொல்லணும்னு நெனச்சிருப்பாரு, வேலையில மறந்திருப்பாரு. டைரியில காத்து அடிச்சது வரைக்கும் எழுதுனவருதான், இருந்தாலும் மனுசன்தானே, மறக்காதா? இத எனக்கு நானே பத்து நாளாச் சொல்லிட்டிருக்கேன். காலைல எந்திரிச்சதும் சொல்றேன். சோறு வடிக்கறப்பச் சொல்றேன்.

எல்லாத்துக்கும் பதில் சொல்லிர்றேங்க. பாலத்துக்குப் போனது அவருக்குப் புடிக்கல, சரி, புருசன், கோவம் வரும். வெளையாட்டாப் போட்டிருப்பாரு, அப்பறம் சொல்ல வெக்கமாப் போயிருக்கும். அதுவும் சரி. ஆனா அந்தப் போன் இருக்குது பாருங்க. நான் அழுதுட்டே சொல்றேன், அவரு லைன்ல இருக்காரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலைன்னு சொன்னேனே. அந்தக் கொஞ்ச நேரம். சீட்டுக்குக் கீழ கைய விடு தெய்வான்னு ஒரு வார்த்தைங்க. எக்ஸாமினரு காதுல விழுந்தாக்கூட ஒண்ணும் ஆயிருக்காது. ஒரு வார்த்தை. எங்கம்மா என்னையப் பாத்துட்டுப் போயிருப்பா.

அத மட்டும் அவரையேதான் கேக்கணும். அவரும் படத்துல உக்காந்துட்டாரு.

இல்ல அம்மிணி, அழுகலை. வயசானாக் கண்ணுல தண்ணி வரும். நீ முறுக்க எடுத்துக்க.

நல்ல மனுசன்தானுங்க அவரு. நீங்க தப்பா நெனச்சுக்காதீங்க. முப்பத்தேழு வருசத்துல என் மேல ஒரு கை ஓங்குனதில்ல.

எந்திரிங்க, போயி வண்டியப் பாத்துரலாம். பாத்து, படி ஒண்ணு ஒசரம். தார்ப்பாய அந்தப் பக்கம் புடிங்க தம்பி. ம்ம், இதான். பெயின்ட் அங்கங்க போயிருக்குது, உள்ள துரு இல்ல. ஏன் அம்மிணி, நீ வண்டி ஓட்டுவியா?

நீங்க இருங்க தம்பி. நான் அதக் கேட்டேன், அது சொல்லட்டும். லைசென்ஸ் இருக்குதா? அப்பறம் என்ன? "அவளுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது"ன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க? வண்டிகிட்டக் கேட்டீங்களா?

இந்தா சாவி. அவருக்கு இல்ல, உனக்கு. ஏறி உக்காரு. சாவியப் போடு, திருப்பு. இர்ர்ங்குதில்ல? பயப்படாத, அது அப்படித்தான் சொல்லும். இப்பக் குனி. சீட்டுக்குக் கீழ வலது கைய விடு, கதவுப் பக்கமா. இன்னும் கொஞ்சம் பின்னால. தட்டுப்பட்டுதா?

அதான். தட்டிட்டு நிமிரு. கைய எதுக்குக் கண்ணுக்குக் கொண்டு போற? அது சாமி இல்ல அம்மிணி, சுவிட்சு.

இப்பத் திருப்பு.